சக மாணவர் கருத்தும் நம் ஸ்டாப் மோஷன் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் தாராவியிலும் சயானிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் ஸ்டாப் மோஷன் படம் செய்து வருகிறேன். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டி அசைவாக்குவதே ஸ்டாப் மோஷன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவர் ஐவராகச் சேர்ந்து ஒரு நிமிடப் படம் ஒன்றை எடுப்பார்கள். எடுத்ததை மற்றக் குழுக்களுக்குத் திரையிடுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துவார்கள். அந்தத் திரையிடலைப் பற்றித்தான் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒரே படத்தைச் சேர்ந்தவை. விடியற்காலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி நகரின் தெருக்களுக்குப் போகும் வியாபாரி ஒருவரைப் பற்றிய படம் அது. மழையில் சைக்கிள் சாய்கிறது, பாத்திரத்தின் மூடி கழன்று விழுகிறது, ஒரு சிறுமி ஓடிவந்து குடை பிடிக்கிறாள். பிள்ளைகள் அந்த வியாபாரியை அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். இங்கும் அவர் அண்ணாச்சிதான்.

எங்கள் படத்தை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லையே, பிறகு ஏன் பிறரிடம் கருத்துக் கேட்க வேண்டும்?

நீங்கள் அதை மிக நன்றாக அறிந்திருக்கிறீர்கள் என்பதே காரணம். திரைப்படம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்களாக, அதாவது 24 தனிப் படங்களாக, ஓடுகிறது. நாம் ஒவ்வொரு புகைப்படத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்துவதால் நொடிக்கு 12 புகைப்படங்கள் போதும். அப்படியும் ஒரு நிமிடப் படத்துக்கு 720 புகைப்படங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பொம்மையைக் கையால் சிறிது நகர்த்தி, கையை விலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கிய உங்களுக்கு, அண்ணாச்சியின் கை ஏன் உயர்கிறது என்பதும் அவர் தலை ஏன் திரும்புகிறது என்பதும் மனப்பாடம். திரையில் இல்லாததையும் உங்கள் மனம் நிரப்பிக்கொள்ளும்.

குடை பிடிக்கும் சிறுமி, முதல் காட்சியில் அண்ணாச்சி காசு வாங்காமல் இட்லி கொடுத்த அதே சிறுமிதான். குழுவில் ஐவருக்கும் இது தெரியும். ஆனால் முதல் காட்சியில் அவள் முதுகைக் காட்டி நின்றாள், முகமே தெரியவில்லை. மூன்று வாரங்களாக அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஐவரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. முதன்முறை பார்த்த மாணவன் ஒருவன், "அந்தப் பாப்பா யாரு?" என்று கேட்டான். அவனுடைய கேள்வியைக் கேட்ட பிறகே, கதையின் முடிச்சு எங்கள் தலைக்குள் மட்டும் இருந்தது என்று தெரிந்தது. சிறுமியின் சடையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, அவள் இட்லியை வாங்கிக்கொண்டு திரும்பும் 36 புகைப்படங்களை மட்டும் மீண்டும் எடுத்தோம். அடுத்த திரையிடலில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

படத்தை முழுவதும் முடித்த பிறகு காட்டினால் போதாதா?

போதாது. வரைந்து செய்யும் அனிமேஷனில் முக்கியமான நிலைகளை முதலில் வரைந்துவிட்டு, இடைப்பட்டவற்றைப் பிறகு வரையலாம். அசைவு வேகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நடுவே நான்கு ஓவியங்களைச் சேர்க்கலாம். ஸ்டாப் மோஷனில் அந்த வசதி இல்லை. பொம்மையை அடுத்த நிலைக்கு நகர்த்தியவுடன் முந்தைய நிலை உலகத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. எடுத்த புகைப்படத்தை நீக்கலாம், ஒரே புகைப்படத்தை இருமுறை வைக்கலாம். ஆனால் எடுக்காத ஒரு நிலையைப் பின்னர் நடுவில் நுழைப்பது, விளக்கும் மேடையும் பொம்மையும் அப்படியே அசையாமல் இருந்தால் ஒழிய இயலாத காரியம்.

நம் வீடுகளில் எதுவும் அசையாமல் இருக்காது. பத்துக்குப் பத்து அறையில் காலையில் அமைத்த மேடையை மாலையில் கலைத்துத்தான் ஆக வேண்டும். இரவில் அங்கே பாய் விரிக்க வேண்டும். எனவே திருத்தும் செலவு குறைவாக இருக்கும்போதே காட்டிவிடுவது நல்லது. நாங்கள் மூன்று முறை காட்டுகிறோம். முதலில், கதையைக் காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டுப் படங்களை வரிசையாகப் புகைப்படம் எடுத்து, பிள்ளைகளின் குரலையும் சேர்த்து ஓட்டும் அனிமேட்டிக். இந்தக் கட்டத்தில் ஒரு காட்சியை மாற்ற ஒரு தாளும் பென்சிலும் போதும். அடுத்து, மூன்று நொடி மட்டும் ஓடும் சோதனை, அதாவது 36 புகைப்படங்கள். கடைசியாக, படத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுக்க மீதமிருக்கும்போது கரடுமுரடான தொகுப்பு.

சிறிதாக எடுத்துக் காட்டிப் பார்ப்பது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1913-இல் வெளியான ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்கு முன்னால், இந்தியத் திரைப்பட முன்னோடி தாதாசாகேப் பால்கே தொட்டியில் ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைச் சிறுசிறு இடைவெளிகளில் பதிவு செய்து, ஒரு குறும்படமாக்கி, பணம் போடக்கூடியவர்களுக்குத் திரையிட்டார். ஒவ்வொரு ஃபிரேமாகப் பதிவு செய்யும் அதே உத்தியைத்தான் நாமும் பயன்படுத்துகிறோம். பெரிய படத்தில் இறங்குமுன் சிறியதொன்றை அயலார் கண்ணுக்கு வைத்தார் என்பதைப் பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்வேன்.

பார்ப்பவர்கள் எப்படிக் கருத்துச் சொல்ல வேண்டும்?

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கத் தொடங்கிய ஒரு முறை எங்களுக்குப் பயன்படுகிறது. அதில் நான்கு படிகள் உண்டு. பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் நின்றது எது என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு படைத்தவர்கள் தங்களுக்கு ஐயமாக உள்ளவற்றைக் கேட்கிறார்கள். அதன்பின் பார்த்தவர்கள், தங்கள் அபிப்பிராயத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியாக, படைத்தவர்கள் இசைந்தால் மட்டும், அபிப்பிராயம் சொல்கிறார்கள். மூன்றாவது படிதான் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. "மழை ஏன் இவ்வளவு மோசமா இருக்கு?" என்பது கேள்வி போலத் தோன்றினாலும் அது தீர்ப்பு. "மழையை எதைக் கொண்டு செய்தீர்கள்?" என்பதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்லத் தொடங்கும்போது, தாங்கள் மீன்பிடி நரம்பைத் துண்டு துண்டாக ஒட்டியதும், அது விளக்கொளியில் தெரியாமலே போனதும் படைத்தவர்களுக்கே விளங்கிவிடும்.

வகுப்பின் முழு நேரமும் நான்கு படிகளுக்கே போய்விடும் நாட்களில், அமெரிக்கக் கல்வியாளர் ரான் பெர்கர் வலியுறுத்தும் மூன்று பண்புகளை மட்டும் நினைவூட்டுகிறேன்: சொல்வது அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவுவதாக இருக்க வேண்டும். இம்மூன்றில் நான் அதிகம் வற்புறுத்துவது இரண்டாவதை. அன்பு பெரும்பாலான பிள்ளைகளிடம் இயல்பாகவே இருக்கிறது. எந்த நொடியில், எந்தப் பொருளில், என்ன கண்டேன் என்று சொல்லும் பழக்கம் பயிற்சியால் மட்டுமே வருகிறது.

எல்லோரும் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டால்?

படத்தை 21-ஆம் நொடியில் நிறுத்திவிட்டு, இதுவரை என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று கேளுங்கள். பாராட்டியவர்கள்கூட விடை சொல்லும்போது தாங்கள் எதைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடுவார்கள். இன்னொரு வழி, திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களின் முகத்தைப் பார்ப்பது. மூடி விழும் இடத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தீர்கள், வரவில்லை என்றால், அதுவும் ஒரு கருத்துத்தான். யாரும் வாய் திறந்து சொல்லாத கருத்து.

"அண்ணாச்சி எதுக்கு நடுங்குதாரு?" என்று கேட்டார்கள். பொம்மை செய்தவரின் தவறா?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வகுப்பில் நானே இதில் தவறினேன். சோதனைத் துண்டைப் பார்த்ததும் இந்தக் கருத்து வந்தது. களிமண் இளகியிருக்கும் என்று நான் உடனே சொல்லிவிட்டேன். பொம்மை செய்த மாணவி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு இரவுகள் உட்கார்ந்து அதைப் புதிதாகச் செய்துகொண்டு வந்தாள். மீண்டும் எடுத்தோம். அண்ணாச்சி அப்போதும் நடுங்கினார்.

பார்த்தவர் சொன்னது ஓர் அறிகுறியை மட்டுமே. நோய் எது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிப்பது படைத்தவர் வேலை. அன்றைக்குப் பிறகு நாங்கள் செய்யும் சோதனை இது. அண்ணாச்சியைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு படத்தை ஓட்டுங்கள். சுவரும் வெளுப்பதும் கறுப்பதுமாக இருந்தால் பிரச்சினை ஒளியிலோ கேமராவின் அமைப்பிலோ இருக்கிறது. சுவரும் மேசையும் பொம்மையும் ஒன்றாகத் துள்ளினால் கேமரா அசைந்திருக்கிறது. சுவர் அமைதியாக இருந்து பொம்மை மட்டும் துடித்தால்தான் அது பொம்மையைத் தொட்ட கையின் விளைவு.

எங்கள் படத்தில் சுவர் துடித்தது. கைபேசியின் கேமரா ஒவ்வொரு புகைப்படத்துக்கும் ஒளி அளவையும், நிறச் சாயலைச் சரிசெய்யும் வெண்மைச் சமநிலையையும் தானாகவே மாற்றிக்கொண்டிருந்தது. அவற்றையும் குவியத்தையும் மாறாதபடி பூட்டினோம். ஜூன் மாதம் என்பதால் ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறியது. கறுப்புத் துணியால் ஜன்னலை மூடினோம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாக வருவதால் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன; கேமராவுக்குள் ஒளி விழும் ஷட்டர் நேரத்தை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்காகவோ பத்தில் ஒரு பங்காகவோ வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் சமமாகிவிடுகிறது. இவ்வளவு செய்தும் சிறிது துடிப்பு மிஞ்சியது. அதற்குக் காரணம் பொம்மையை நகர்த்திய மாணவன் அணிந்திருந்த வெள்ளைச் சீருடைச் சட்டை. அவன் கேமராவுக்கு அருகில் வந்து நின்ற புகைப்படங்களில் சட்டையில் பட்டுத் திரும்பிய ஒளி அண்ணாச்சியின் முகத்தில் விழுந்திருந்தது. தள்ளி நின்றவற்றில் விழவில்லை. இப்போது பொம்மையை நகர்த்துபவர் கறுப்புச் சட்டை அணிகிறார். ஒவ்வொரு புகைப்படத்துக்கும் ஒரே இடத்துக்குப் போய் நிற்கிறார்.

அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டாவது முறை செய்த பொம்மை முதலாவதைவிடச் சிறப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காக அவள் இழந்த தூக்கத்துக்கு என் அவசரமே காரணம்.

பொம்மை மட்டும் துடிக்கிறது என்று உறுதியானால் என்ன செய்வது?

களிமண்ணில் விரல் தடம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகப் பதிவதால் மேற்பரப்பு கொதிப்பது போலத் தெரியும். உடலுக்கு இரட்டையாக முறுக்கிய அலுமினியக் கம்பியை எலும்பாக வைத்து, பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் எம்-சீல் பசை கொண்டு மூட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை இறுக்கி, மேலே துணி உடுத்திவிடுங்கள். களிமண் முகத்திலும் கைகளிலும் மட்டும் இருக்கட்டும். தாராவி கும்பார்வாடாவில் கிடைக்கும் குயவர் மண் கைக்கு இதமானது, ஆனால் படப்பிடிப்பு முடியுமுன் உலர்ந்து வெடித்துவிடும்; எண்ணெய் கலந்த மாடலிங் களிமண் உலராது. அறை தண்டவாளத்துக்கு அருகில் இருந்தால், மின்சார ரயில் கடந்து முடியும் வரை பொத்தானைத் தொடாதீர்கள். பரணுக்கு ஏறும் ஏணியில் யாராவது ஏறினாலும் அப்படியே.

"சைக்கிள் ஓடல, வழுக்குது", "மூடிக்குக் கனமே இல்ல" போன்ற கருத்துகளை எப்படித் திருத்தமாக மாற்றுவது?

இப்படிப்பட்ட கருத்துகளை நான் பெரிதும் மதிக்கிறேன். சொன்ன பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சைக்கிள் எப்படி ஓடும், பாத்திரம் எப்படி விழும் என்று கண்ணுக்குத் தெரியும். கண் கண்டதை அளவாக மாற்றுவது நம் வேலை.

பிள்ளைகள் செய்த சைக்கிளின் சக்கரம் 7 செ.மீ. விட்டம் கொண்டது, அதன் சுற்றளவு ஏறத்தாழ 22 செ.மீ. சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் 22 செ.மீ. முன்னே போயிருக்க வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு சுற்று என்றால் 12 புகைப்படங்களில் ஒவ்வொன்றுக்கும் சக்கரம் 30 பாகை திரும்ப வேண்டும், சைக்கிள் 1.8 செ.மீ. அளவுக்கு நகர வேண்டும். எங்கள் குழு சைக்கிளை 3 செ.மீ. நகர்த்திவிட்டுச் சக்கரத்தைக் கண்ணளவாகத் திருப்பியிருந்தது. சக்கரத்தின் பின்பக்கத்தில் பன்னிரண்டு புள்ளிகளை இட்டோம். மேசையின் விளிம்பில், கேமராவுக்குத் தெரியாதபடி, அளவுப் பட்டை ஒன்றை ஒட்டினோம். வழுக்கல் நின்றது.

மூடியின் கதை இன்னும் சுவையானது. விழும் பொருள் போகப் போக வேகம் கூடும். சம இடைவெளி நேரங்களில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் அமையும். பள்ளிப் பாடத்தில் படித்த இதைப் பிள்ளைகள் முதன்முதலாகக் கையால் தொட்டது இங்கேதான். அண்ணாச்சியின் உயரம் உண்மை மனிதரின் உயரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. உண்மைச் சைக்கிளில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூடி விழ அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எங்களுக்கு அது 5 புகைப்படங்கள். எங்கள் மேடையில் உயரம் 10 செ.மீ. எனவே மூடி ஒவ்வொரு புகைப்படத்துக்கும் முறையே 4, 12, 20, 28, 36 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்; கூட்டினால் சரியாக 100. முன்பு எடுத்ததில் ஒவ்வொரு முறையும் சமமாக 20 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார்கள். அதனால்தான் அது காகிதம் போல மிதந்தது. கனமே இல்லை என்று சொன்ன மாணவியையே அழைத்து, நூலில் கட்டிய மூடியை இறக்கச் சொன்னோம். ஐந்தாவது புகைப்படத்தை எடுத்து முடித்து ஓட்டியபோது அவள் "இப்ப விழுது" என்றாள்.

மூவர் வேகமாகப் போகிறது என்கிறார்கள், நால்வர் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். எந்த நொடியில் என்று இரு தரப்பையும் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் வெவ்வேறு இடங்களைச் சொல்கிறார்கள். எங்கள் படத்தில் அண்ணாச்சி நின்ற நிலையிலிருந்து சட்டென்று முழு வேகத்தில் நடந்தார். அதைப் பார்த்தவர்கள் வேகம் என்றார்கள். அதன்பின் தெருமுனை வரை அதே வேகத்தில் நடந்துகொண்டே இருந்தார். அதைப் பார்த்தவர்கள் மெதுவு என்றார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அடிகளை நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் வைத்து, தெருமுனை வரையான நடையில் பாதியை வெட்டியதும் இரண்டு குறைகளும் சேர்ந்தே போயின.

குழுவாகச் செய்த படத்தில் ஒருவருடைய வேலையைக் குறை சொன்னால் குழு உடைந்துவிடாதா?

உடையலாம், உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். பொம்மை, மேடை, கேமரா, அசைவு, ஒலி என்று ஐவரும் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொள்ளும்போது, ஒவ்வொரு கருத்தும் யாரோ ஒருவர் தலையில் விழுந்துவிடுகிறது. "ஹாரன் சத்தம் பிந்தி வருது" என்றவுடன் நால்வர் ஐந்தாமவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை ஒன்றே போதும்; அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வர மாட்டாள்.

அதனால் எங்கள் வகுப்பில் இரண்டு வழக்கங்கள் உண்டு. கருத்துச் சொல்பவர் ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது, நொடியைச் சொல்ல வேண்டும். "34-ஆவது நொடியில் கை ஹாரனை அமுக்கிய பிறகு சத்தம் வருகிறது" என்பது போல. கருத்தைக் கேட்டுக்கொள்ளும் குழுவில், அந்த வேலையைச் செய்யாத ஒருவர்தான் அதைக் குறித்துக்கொண்டு விடை சொல்ல வேண்டும். கேமராக்காரர் ஒலியைப் பற்றிய கருத்தை எழுதுகிறார், ஒலிக்காரர் பொம்மையைப் பற்றியதை எழுதுகிறார். இதனால் ஒவ்வொருவரும் மற்றவருடைய வேலையின் கடினத்தைக் கற்கிறார்கள். ஹாரன் விஷயத்தில் கேமராக்காரர்தான் காரணத்தைக் கண்டார்: ஒலியைச் சேர்த்த பிறகு, மங்கலாக இருந்த இரண்டு புகைப்படங்களை அவரே நீக்கியிருந்தார். நொடிக்கு 12 என்ற வேகத்தில் ஒரு புகைப்படம் என்பது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டு நீங்கியதும் அதற்குப் பின் வந்த ஒலியெல்லாம் ஆறில் ஒரு பங்கு நொடி பிந்திவிட்டது. ஒலிக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கருத்துக் கேட்டு என் மகள் அழுதுவிட்டாள். இது தேவையா?

அந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அழுவது தவறில்லை, அழும் பிள்ளையைத் தொடர்ந்து உட்கார வைப்பது தவறு. அன்றைய தினத்துக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். கருத்துகள் நோட்டில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை அவற்றைப் படித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது, தன்னைக் குத்தியதாகத் தோன்றிய வரிகளில் பல தன்னைப் பற்றியவையே அல்ல என்று பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். ஆனால் கேலி வேறு, கருத்து வேறு. பிள்ளையின் நிறத்தையோ பேச்சையோ வீட்டையோ தொட்டு ஒரு சொல் வந்தால், அதைக் கருத்தாக ஏற்கத் தேவையில்லை. திரையிடலை அங்கேயே நிறுத்திவிட்டுச் சொன்னவரோடு நான் தனியே பேசுவேன்.

எங்கள் படம் தமிழில் இருக்கிறது. தமிழ் தெரியாத வகுப்புத் தோழர்களின் கருத்தால் பயன் உண்டா?

மும்பையில் வாழ்வதால் நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு இது என்று கருதுகிறேன். மாநகராட்சியின் பள்ளிகளே தமிழ், மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் நடக்கும் நகரம் இது. நம் பிள்ளைகளின் தெருவிலேயே நான்கு மொழி பேசும் நண்பர்கள் இருக்கிறார்கள். அண்ணாச்சி திருநெல்வேலித் தமிழில், "ஏல, மழை வருதுல்லா" என்று சொன்னதும் தமிழ்ப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு குறை மறைந்துபோனது. மராத்தி பேசும் தோழன் ஒருவன் சிரிக்கவில்லை. அவனுக்கு மழை வரப்போகிறது என்பதே தெரியவில்லை, ஏனென்றால் மேகமும் இல்லை, காற்றும் இல்லை, அண்ணாச்சி வானத்தைப் பார்க்கவும் இல்லை. வசனம் மட்டுமே மழையைச் சுமந்துகொண்டிருந்தது.

அப்போது வசனத்தை நீக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வசனம் அவர்கள் தாத்தாக்களின் பேச்சு. படத்தில் அது இருந்தே ஆக வேண்டும். அதற்குப் பதிலாக, அண்ணாச்சி தலையை நிமிர்த்தி வானத்தை நோக்கும் 8 புகைப்படங்களையும், கயிற்றில் தொங்கும் துணி அசையும் 10 புகைப்படங்களையும் வசனத்துக்கு முன்னால் சேர்த்தார்கள். இப்போது தமிழ் தெரிந்தவர்கள் வசனத்துக்குச் சிரிக்கிறார்கள்; தெரியாதவர்களுக்கும் மழை வருவது தெரிகிறது. இந்தியில் வரும் கருத்தை இந்தியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "மஸ்த் ஹை" (அருமையாக இருக்கிறது) என்பதைத் தமிழில் பெயர்த்து எழுதுவதைவிட, எந்தக் காட்சியில் சொன்னார்கள் என்பதைக் குறிப்பதே முக்கியம்.

எல்லாக் கருத்தையும் ஏற்றாக வேண்டுமா? எதை மறுக்கலாம்?

பார்த்தவர் கண்டதை மறுக்காதீர்கள்; அவர் சொல்லும் மருந்தைத் தாராளமாக மறுக்கலாம். "இந்த இடம் சப்புன்னு இருக்கு, ஒரு பாட்டுப் போடுங்க" என்றால், முதல் பாதி சாட்சியம், இரண்டாம் பாதி யோசனை. சைக்கிள் சாய்ந்த பிறகு அண்ணாச்சி உறைந்து நிற்கும் இடத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள். பாட்டு வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. ஆனால் அது ஏன் சப்பென்று இருக்கிறது என்று தேடியபோது, ஒரே புகைப்படத்தை இரண்டு நொடிக்கு அப்படியே நிறுத்தியிருந்தது தெரிந்தது. பொம்மை யோசிப்பது போல இல்லை, படம் நின்றுவிட்டது போல இருந்தது. நடுவில் ஒருமுறை கண் சிமிட்டவும், கடைசியில் தோள் சிறிது தாழவும் வைத்து எடுத்தார்கள். அமைதி அப்படியே இருந்தது, உயிர் வந்தது.

கதையின் அடிப்படையையே மாற்றச் சொல்லும் கருத்துகளைக் குழுவினரே பேசி முடிவெடுக்க வேண்டும். அண்ணாச்சிக்கு யாராவது பணம் கொடுத்து உதவுவதாக முடிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். குடை போதும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் படிப்பு கெடாதா?

வாரத்தில் இரண்டு மணி நேரம்தான். தேர்வு மாதத்தில் வகுப்பு இல்லை.

கருத்துகளை எப்படிக் குறித்து வைப்பது? படம் முடிந்த பிறகு அவற்றால் பயன் உண்டா?

சாதாரணக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். நொடி, பார்த்தவர் சொன்ன சொல், நாங்கள் கண்ட காரணம், செய்த மாற்றம் ஆகியவற்றை அந்த வரிசையில் எழுதுங்கள். பார்த்தவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். "அசைவில் சீர்மை குறைவு" என்று மாற்றி எழுதினால், "நொண்டுற மாதிரி இருக்கு" என்ற சொல்லில் இருந்த செய்தி போய்விடும். நொண்டுகிறது என்றால் ஒரு கால் மற்றதைவிடக் குறைவாக நகர்ந்திருக்கிறது என்று உடனே தேடலாம். காரணத்துக்கான இடத்தை அன்றே நிரப்பாதீர்கள். சுவரைப் பார்த்து, அளந்து, உறுதியான பிறகு எழுதுங்கள். என்னுடைய களிமண் ஊகம் அந்த நோட்டில் அடித்து எழுதப்பட்டு இன்னும் இருக்கிறது.

அண்ணாச்சிப் படத்தின் நோட்டை அடுத்த குழுவிடம் கொடுத்தோம். அவர்கள் ஆட்டோ ரிக்‌ஷாவைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள். வேலையைத் தொடங்கிய முதல் சனிக்கிழமை, பொம்மை செய்யத் தொடங்குவதற்கு முன்பே, மூன்று சக்கரங்களின் பின்பக்கத்திலும் பன்னிரண்டு புள்ளிகள் இட்டிருந்தார்கள்.